மைக் கெயினைக் குறைத்தும் குரல் உடைகிறதென்றால், கோளாறு அந்தக் குமிழுக்கு முன்னால் இருக்கிறது

கேள்வி இதுதான். கேட்பவர் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து 40 மீட்டர் அலைவரிசையில் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர். ரிக்கோடு, அதாவது ரேடியோ செட்டோடு, வந்த டைனமிக் மைக் பழுதாகிவிட்டதால், எலக்ட்ரெட் கேப்ஸ்யூலும் மேக்ஸ் 9814 என்ற பெருக்கிச் சிப்பும் ஒட்டிய சின்ன போர்டு ஒன்றை வாங்கி மைக் சாக்கெட்டில் சேர்த்திருக்கிறார். புதுச்சேரி லாஸ்பேட்டையில் கேட்கும் நண்பர், "குரல் உடையுது, நீங்க பேச்சை நிறுத்தினா ஃபேன் சத்தம் ஏறி வருது" என்கிறார். ரிக்கின் மைக் கெயின் குமிழை 50-லிருந்து 5-க்கு இறக்கிப் பார்த்தாகிவிட்டது. பவர் குறைந்ததே தவிர உடைசல் போகவில்லை. ஏ.எல்.சி. (வெளியீட்டு அளவைத் தானே கட்டுப்படுத்தும் சுற்று) மீட்டர் கோட்டுக்குள்தான் நிற்கிறது. ரிக் போய்விட்டதா, மைக் போய்விட்டதா?

இரண்டும் போகவில்லை. ஒன்றுக்கொன்று நூறு மடங்கு பொருந்தாத இரண்டு கருவிகளை நேராக இணைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மைக் கெயின் குமிழ் மைக் சாக்கெட்டுக்கு அடுத்தபடியாக இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான ரிக்குகளில் அப்படி இல்லை. சாக்கெட்டிலிருந்து சிக்னல் முதலில் ஒரு ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) நிலைக்குள் போகிறது. அது ஒரு டிரான்சிஸ்டராகவோ ஆப்ஆம்பாகவோ இருக்கும். அதன் பெருக்கம் மாறாதது. அது பெருக்கித் தந்ததைத்தான் மைக் கெயின் கூட்டுகிறது, குறைக்கிறது. முதல் நிலையிலேயே அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டால், குமிழைக் குறைப்பதால் கிடைப்பது அதே வெட்டுப்பட்ட அலையின் சின்ன வடிவம். நீங்கள் கண்டதும் அதுதான்: பவர் இறங்கியது, உடைசல் அப்படியே இருந்தது.

ஏ.எல்.சி. ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. அது கடைசியில் வெளியேறும் ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) அளவைப் பார்த்து இடையிலுள்ள ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) நிலையின் பெருக்கத்தைக் குறைக்கிறது. வாசலில் நடந்த அடிதடி அதற்குத் தெரியாது. மீட்டர் கோட்டுக்குள் நிற்பது பின்பக்கம் சரியாக ஓடுகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

இனி அளவுகள். ஒரு பாஸ்கல் ஒலியழுத்தம் என்பது 94 டிபி. உதட்டுக்கு மிக அருகில் கொஞ்சம் உரக்கப் பேசினால் சராசரியாக அந்த அளவு வரும். டைனமிக் மைக் பலவும் இந்த அழுத்தத்துக்குச் சுமார் 1.8 மில்லிவோல்ட் தரும். சாதாரண எலக்ட்ரெட் கேப்ஸ்யூல், அதாவது கடையில் "கண்டென்சர் மைக்" என்று கேட்டால் எடுத்துத் தரும் 10 மில்லிமீட்டர் வட்டம், மைனஸ் 42 டிபி ரகமாக இருந்தால் சுமார் 8 மில்லிவோல்ட் தரும். இவையெல்லாம் சராசரி. பேச்சின் உச்சங்கள் சராசரியைவிட 12 முதல் 15 டிபி மேலே ஏறும், அதாவது நான்கைந்து மடங்கு. ஆகவே டைனமிக்கின் உச்சம் 8 மில்லிவோல்ட், வெறும் கேப்ஸ்யூலின் உச்சம் 35 முதல் 40 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் போர்டு தருவது எவ்வளவு? உச்சியிலிருந்து அடிவரை 2 வோல்ட், அதாவது ஒரு பக்க உச்சம் 1,000 மில்லிவோல்ட். பழைய மைக்கோடு ஒப்பிட்டால் 125 மடங்கு, 42 டிபி அதிகம்.

ரிக்கின் முதல் நிலை எவ்வளவு தாங்கும்? 8 வோல்ட்டில் ஓடும் ஆப்ஆம்ப், பெருக்கம் 100 என்று வையுங்கள். வெளியே இரு பக்கமும் 3 வோல்ட்டுக்கு மேல் ஆட முடியாது; ஆகவே உள்ளே 30 மில்லிவோல்ட் உச்சம்தான் எல்லை. எமிட்டர் ரெசிஸ்டரை முழுதாக பைபாஸ் செய்த ஒற்றை டிரான்சிஸ்டர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது வெட்டுவதற்கு வெகு முன்பே வளைக்க ஆரம்பித்துவிடும்: 1 மில்லிவோல்ட் உச்சத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் இரண்டாம் ஹார்மோனிக், 10 மில்லிவோல்ட்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம். அங்கே 1,000 மில்லிவோல்ட்டைக் கொட்டினால் என்ன மிஞ்சும்!

சொந்தமாக ரிக் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரால் பெரிய லாபம் பார்க்கலாம். எமிட்டரில் பைபாஸ் இல்லாமல் 100 ஓம் விட்டுவைத்தால், 1 மில்லிஆம்பியர் ஓட்டத்தில் பெருக்கம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும், அதாவது 14 டிபி. ஆனால் அதே 10 மில்லிவோல்ட்டுக்கு இருந்த 10 சதவீதச் சிதைவு அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். எலக்ட்ரெட் மைக் போடுகிறவர்களுக்கு அந்த 14 டிபி எப்படியும் தேவைப்படாத பெருக்கம்தான்.

கருவி எதுவும் இல்லாமல் கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கேட்கிறவர் சொல்லும் புகாரைக் கூர்ந்து கவனியுங்கள். எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) ரிக்கில் ப்ரீஆம்புக்குப் பின்னால்தான் பட்டை வடிகட்டி இருக்கிறது. ப்ரீஆம்பில் பிறக்கும் குப்பை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அந்த 2.4 அல்லது 2.7 கிலோஹெர்ட்ஸ் கதவைத் தாண்டி வெளியே வராது. அதனால் "குரல் கரகரன்னு இருக்கு, ஆனா பக்கத்து அலைவரிசை சுத்தமா இருக்கு" என்றால் கோளாறு ஃபில்டருக்கு முன்னால். சந்தேகம் முதலில் மைக் வாசலில். "5 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போனாலும் உங்க குரல் சிதறுது" என்றால் ஃபில்டருக்குப் பின்னால்: டிரைவர், பவர் ஆம்ப், வெளியே வைத்த லீனியர் (கூடுதல் பவர் பெருக்கி). இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, சிதறலுக்கு மைக்கை மாற்றுகிறவர்களும் கரகரப்புக்கு ஃபைனல் டிரான்சிஸ்டரை மாற்றுகிறவர்களும் உண்டு. ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் போல ஏ.எல்.சி. இல்லாத ரிக்குகளில் இரண்டு கோளாறும் ஒன்றாக வரலாம். அங்கே மைக் அளவைக் கட்டுக்குள் வைப்பது உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது.

அடுத்த சோதனை தூரம். மைக்கை 3 சென்டிமீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் சிக்னல் 20 டிபி குறையும். காசில்லாமல் கிடைக்கும் பேட், அதாவது சிக்னல் குறைப்பான், அது. டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர் சுமை), குறைந்த பவரில், இன்னொரு ரிசீவரில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் அதுவே மைக்குக்குத் திரும்பி வந்து ஊளையிடும். மைக்கைத் தள்ளி வைத்து, கெயினை ஏற்றி, குரல் தெளிந்தால் முதல் நிலைதான் நிரம்பி வழிந்திருக்கிறது. ஆனால் உங்கள் போர்டில் இந்தச் சோதனை உங்களை ஏமாற்றும். அதில் தானியங்கிப் பெருக்கம் இருப்பதால், மைக் தள்ளிப் போகப் போக அது தானே கூட்டிக்கொண்டு அதே 2 வோல்ட்டைக் கொடுக்கப் பார்க்கும். இந்தச் சோதனை வெறும் கேப்ஸ்யூலுக்கும் டைனமிக்குக்கும்தான்.

எப்படியும் செய்யக் கூடாத சோதனை ஒன்று: கோயில் திருவிழா மேடையில் செய்வது போல மைக்கை "ஃபூ ஃபூ" என்று ஊதுவது. ஊதும்போது வருவது மிகத் தாழ்ந்த அதிர்வெண், மிகப் பெரிய அளவு. அது இணைப்புக் கெப்பாசிட்டரை எக்குத்தப்பாகச் சார்ஜ் செய்து டிரான்சிஸ்டரின் பயாஸை (அது இயங்கத் தேவையான நிலையான டி.சி. அளவு) தள்ளிவிடும்; அந்தச் சார்ஜ் வடியும்வரை ப்ரீஆம்ப் ஊமை. பேச்சிலும் இது நடக்கும். வெடிப்பு எழுத்துக்கு அடுத்த அசை விழுங்கப்பட்டது போல ஒலித்தால் காரணம் இதுதான். தமிழ்ப் பேச்சில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் நம்முடைய "ப"வில் காற்று அதிகம் வெளியேறுவதில்லை. ஆனால் கால்சைனை (நிலையத்தின் அழைப்புக்குறி) உச்சரிக்கும்போது P, T எழுத்துகளுக்கு "பாப்பா", "டாங்கோ" என்று ஆங்கிலப் பாணிக்கு மாறுகிறோம். அப்போது காற்று பாயும். "பட்டணம்" என்று சொல்லிச் சோதித்துத் திருப்தியடைந்துவிட்டு, காற்றலையில் கால்சைனில் போய் உடைவது அதனால்தான். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரமாக வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஓவர்லோடு மாதிரியே ஒலிக்கும் இன்னொரு கோளாறையும் முதலில் விலக்க வேண்டும்: மைக் கேபிளில் ஏறும் ஆர்.எஃப். டம்மி லோடில் சுத்தமாக இருந்து ஆன்டெனாவில் மட்டும் உடைந்தால், அல்லது 100 வாட்டில் உடைந்து 5 வாட்டில் தெளிந்தால், அது லெவல் பிரச்சினை இல்லை. கேப்ஸ்யூலுக்கு உள்ளேயுள்ள எஃப்.ஈ.டி. (ஒரு வகை டிரான்சிஸ்டர்) அந்த ஆர்.எஃப்.பை டையோடு போல நேராக்கி ஆடியோவாக மாற்றுகிறது. கேப்ஸ்யூலின் இரு முனைகளுக்கு இடையே காலை ஒட்ட நறுக்கிய 100 பிகோஃபேரட் செராமிக், பிளக் பக்கத்தில் 1 நானோஃபேரட், கேபிளில் ஒரு ஃபெரைட். பெரும்பாலும் இதற்கே அடங்கும். கடற்கரை ஊர்களில் இன்னொன்றையும் பாருங்கள். தேவனாம்பட்டினம் உப்புக்காற்றில் எர்த் கிளாம்பும் மைக் பிளக்கின் திருகு வளையமும் பச்சைப் பூத்துப்போகும். வளையம் சரியாகத் தொடவில்லையென்றால் ஷீல்டு வெறும் ஆன்டெனா.

சரி, தீர்வு. உங்கள் போர்டையே வைத்துக்கொள்வதென்றால் 40 டிபி பேட் வேண்டும். போர்டின் வெளியீட்டில் 1.25 வோல்ட் டி.சி. உட்கார்ந்திருக்கும், அதைத் தடுக்க முதலில் ஒரு 1 மைக்ரோஃபேரட், பாசிட்டிவ் கால் போர்டு பக்கம். அடுத்து தொடராக 10 கிலோ ஓம். அங்கிருந்து மைக் எர்த்துக்கு 100 ஓம். இந்த இரண்டு ரெசிஸ்டரும் சேரும் புள்ளியிலிருந்து 4.7 மைக்ரோஃபேரட் வழியாக ரிக்கின் மைக் முள்ளுக்கு. ஒரு வோல்ட் உச்சம் 10 மில்லிவோல்ட்டாக இறங்கும்; பழைய டைனமிக் மைக் தந்ததற்குச் சமம். 100 ஓம் அவ்வளவு சிறியது என்பதால் ரிக்கின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் 600 ஓமாக இருந்தாலும் 10 கிலோ ஓமாக இருந்தாலும் கணக்கு ஒன்றரை டிபிக்குமேல் மாறாது. 20 டிபி மட்டும் போதுமென்றால் 2.2 கிலோ ஓமும் 330 ஓமும். 600 ஓம் உள்ளீட்டில் அது 21 டிபி வரும்.

கடைசி 4.7 மைக்ரோஃபேரட்டை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஐகாம் ரிக்குகளில் கூடாது. அவற்றின் மைக் முள்ளிலேயே கேப்ஸ்யூலுக்கான பயாஸ் டி.சி. வருகிறது. 100 ஓமை நேராக எர்த்துக்குக் கட்டினால் அது தரையோடு தரையாகிவிடும். டைனமிக் மைக்கை நேராக மாட்டினால் சுருளுக்குள் டி.சி. ஓடும். பாசிட்டிவ் கால் ரிக் பக்கம் இருக்கட்டும்.

பேட் எங்கே இருக்க வேண்டும் என்பதில் விவாதமே வேண்டாம்: ரிக் முனையில், பிளக்கை ஒட்டி. அப்போதுதான் கேபிள் முழுக்கப் பெரிய சிக்னல் ஓடும். வழியில் சேரும் ஹம்மும் ஆர்.எஃப்.பும் பேட்டில் சேர்ந்தே குறையும். மைக் பக்கத்தில் வைத்தால் நல்ல சிக்னலைச் சிறிதாக்கி, அதன்மேல் குப்பையை ஏற்றி அனுப்புகிறீர்கள்.

ஃபேன் சத்தம் ஏறுவதற்கும் போர்டுதான் காரணம். மேக்ஸ் 9814-இன் கெயின் முள்ளை எதிலும் இணைக்காமல் விட்டால் அது 60 டிபி; எர்த்தில் கட்டினால் 50; சப்ளையில் கட்டினால் 40. பேசும்போது பெருக்கத்தைக் குறைத்து வைத்திருக்கும், பேச்சு நின்றதும் மெல்ல 60 வரை ஏற்றும், கூரை ஃபேனை உங்கள் குரலளவுக்குக் கொண்டுவந்துவிடும். கெயின் முள்ளைச் சப்ளையில் சேர்த்தாலே மௌன நேர இரைச்சல் 20 டிபி இறங்கும். இன்னொரு எச்சரிக்கை: அந்தச் சிப் 5.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஐகாம் 8 முள் சாக்கெட்டின் 2-ஆம் முள்ளில் வருவது 8 வோல்ட், அதுவும் 10 மில்லிஆம்பியருக்குள். நடுவில் 78எல்05 (5 வோல்ட் ரெகுலேட்டர்) வைக்காமல் இணைத்தால் போர்டு போய்விடும். அதே ஐகாமில் 1 மைக், 5 பி.டி.டி. (பேசுவதற்கு அழுத்தும் சுவிட்ச்), 6 பி.டி.டி. எர்த், 7 மைக் எர்த். யேசு (Yaesu) ரிக்கின் 8 முள் வட்ட சாக்கெட்டில் 8 மைக், 7 மைக் எர்த், 6 பி.டி.டி., 2-இல் 5 வோல்ட். பிளக் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு வேறு. கையேட்டைத் திறக்காமல் இரும்பைச் சூடாக்க வேண்டாம். மைக் எர்த்தையும் பி.டி.டி. எர்த்தையும் ஒரே கம்பியில் ஓட்டவும் வேண்டாம், பி.டி.டி. மின்னோட்டம் அந்தக் கம்பியில் உண்டாக்கும் சில மில்லிவோல்ட்டே உங்கள் குரலுக்குச் சமம்.

என்னைக் கேட்டால், போர்டைத் தூக்கி வைத்துவிட்டு அதிலுள்ள கேப்ஸ்யூலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். 40 டிபி கூட்டி, பிறகு 40 டிபி குறைப்பதில் கிடைப்பது இரைச்சல் ஒன்றுதான். ஐகாமாக இருந்தால் வெறும் கேப்ஸ்யூலை 1-க்கும் 7-க்கும் இடையே கட்டினாலே பேசும். பயாஸ் அங்கிருந்தே கிடைத்துவிடும். மற்ற ரிக்குகளில் 5 அல்லது 8 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாகக் கேப்ஸ்யூலுக்குப் பயாஸ், கேப்ஸ்யூலிலிருந்து 1 மைக்ரோஃபேரட் வழியாக மைக் முள். கேப்ஸ்யூல் 0.3 முதல் 0.5 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அதன் முனையில் டி.சி. அளந்து பாருங்கள். 1 வோல்ட்டுக்கும் கீழே இருந்தால் பயாஸ் ரெசிஸ்டர் பெரிதாகிவிட்டது. 5 வோல்ட் சப்ளையில் 10 கிலோ ஓம் போட்டால் இப்படித்தான் ஆகும். அப்போது வெட்டுவது ரிக் இல்லை, கேப்ஸ்யூலுக்குள்ளேயுள்ள எஃப்.ஈ.டி. அதற்கு முன்னால் பேட் போட இடமே கிடையாது. பயாஸைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பயாஸ் சரியாக இருந்தும் வெறும் கேப்ஸ்யூலே அதிகமாகத் தெரிந்தால் அதற்குத் தனிப் பேட் தேவையில்லை. கேப்ஸ்யூல் ஒரு மின்னோட்ட மூலம் போல நடந்துகொள்வதால், சுமையைக் குறைத்தாலே வோல்டேஜ் குறையும். 2.2 கிலோ ஓமுக்குப் பதில் 680 ஓம் போட்டால் 10 டிபி இறங்கும். 20 டிபி அளவுக்கு வேண்டுமென்றால் கேப்ஸ்யூலுக்குக் குறுக்கே 270 ஓமும் 10 மைக்ரோஃபேரட்டும் தொடராக. இங்கே கையில் கிடைத்த 0.1 மைக்ரோஃபேரட்டைப் போட்டுவிட்டு "பேட் வேலை செய்யலை, குரல் மட்டும் மூடிப்போச்சு" என்று சொல்வது வழக்கம். அந்த மதிப்பில் 270 ஓம் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் முழுதாக வேலைக்கு வரும். தாழ்ந்த ஒலிகள் குறையாமல் போய்விடும், உச்சஒலி மட்டும் அடிபடும். போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும்.

அலைமானி (ஆஸிலாஸ்கோப்) கிடைத்தால் ப்ரீஆம்பின் வெளியீட்டில் ஒரு நிமிடம் பாருங்கள். இரு பக்கமும் தட்டையாக இருந்தால் சிக்னல் அதிகம். ஒரு பக்கம் மட்டும் தட்டையென்றால் பயாஸ் நகர்ந்திருக்கிறது அல்லது சப்ளை தாழ்ந்திருக்கிறது. பேட்டரியில் ஓட்டும்போது இந்த இரண்டாவது அடிக்கடி வரும். ரிக்குக்குள் 8 வோல்ட் தருவது 7808 என்றால் அதற்கு உள்ளே குறைந்தது 10 வோல்ட் வேண்டும். தளர்ந்த பேட்டரியும் மெல்லிய கம்பியுமாக இருந்தால், 20 ஆம்பியர் இழுக்கும் உச்சத்தில் அந்த 10 கிடைக்காது. அப்போது பேச்சின் உச்சங்களில் மட்டும், அதிக பவரில் மட்டும் உடையும். மேலே சொன்ன ஆர்.எஃப். கோளாறு போலவே தோன்றும்; ஆனால் டம்மி லோடிலும் வரும் என்பதை வைத்துப் பிரித்தறியலாம்.

இதே கணக்குதான் கணினி வழியாக அனுப்பும் எஃப்.டி.8 டிஜிட்டல் முறைக்கும். கணினியின் லைன் அவுட்டை மைக் சாக்கெட்டில் விட்டால் அதே 40 டிபி பேட் வேண்டும். பின்பக்க டேட்டா சாக்கெட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அங்கேயும் யேசு எஃப்.டி. 817 போன்றவை எதிர்பார்ப்பது உச்சியிலிருந்து அடிவரை 40 மில்லிவோல்ட்தான். அதிகமானால் 600 ஹெர்ட்ஸில் அனுப்பிய டோன் 1,200-லும் 1,800-லும் நிழலாகத் தெரியும். எஃப்.எம்.மில் கதை வேறு: லிமிட்டர் இருப்பதால் அலை அகலாது, குரல் நசுங்கி, "ச"வும் "ஸ"வும் சீறும். கையடக்க செட்டை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே பாதி சரியாகிவிடும்.

கடைசியாக லெவல் வைக்கும் முறை. பேட் போட்டபின் மைக் கெயினை 50-இல் வையுங்கள், கம்ப்ரெஸரை அணைத்துவிடுங்கள், டம்மி லோடில் இயல்பான குரலில் பேசுங்கள். உச்சங்களில் ஏ.எல்.சி. லேசாக அசைய வேண்டும். கெயின் 40 முதல் 60-க்குள் அது நடந்தால் பேட் சரி. 10-இலேயே அசைந்தால் பேட் போதவில்லை. 90 வேண்டியிருந்தால் பேட் அதிகம். பிறகு அதே இடத்தில் வைத்துக்கொண்டு, கத்திப் பாருங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது போன்ற ஒரு காலையில், காற்றிரைச்சலுக்கு மேலே யாரும் இயல்பான குரலில் பேசப்போவதில்லை. குரல் 10 முதல் 15 டிபி ஏறும், மைக்கும் வாயோடு ஒட்டும். கத்தும்போதும் எழுத்து எழுத்தாகப் புரிகிறது என்று லாஸ்பேட்டை நண்பர் சொல்லும்வரை பேட்டில் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள்: 100 ஓமை 47 ஓமாக்கினால் 6 டிபி கிடைக்கும்.